சுங்குடிப் புள்ளி கலையாமல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உன் கடையின் இணையதளத்தை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். சேலைகள் அருமை. படங்கள்தான் சேலையின் காலை வாரிவிடுகின்றன. “தளம் திறக்கவே மாட்டேங்குது, இன்ஸ்டாகிராமில் போட்டா மங்கிப்போகுது, கலர் வேற மாதிரி இருக்குன்னு ரெண்டு சேலை திரும்பி வந்துருச்சு” என்று நீ எழுதியதற்குப் போனில் பதில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதிவிட்டால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

முதலில் தளம் ஏன் திறக்கவில்லை என்று பார்ப்போம். சேலைப் பக்கத்தில் 24 படம் வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றும் போனில் எடுத்தபடியே, அகலம் 4000 பிக்சல், உயரம் 3000 பிக்சல், எடை ஏறத்தாழ 4 எம்.பி. கூட்டினால் 96 எம்.பி. நாளைக்கு 1.5 ஜி.பி. ரீசார்ஜ் போட்டிருக்கும் ஒரு பெண் உன் பக்கத்தை ஒரு தடவை திறந்தால் அவளுடைய அன்றைய டேட்டாவில் பதினாறில் ஒரு பங்கு காலி. பஸ்ஸில் போய்க்கொண்டே பார்க்கிறவள் முதல் படம் பாதி இறங்குவதற்குள் வேறு கடைக்குப் போய்விடுவாள். இத்தனைக்கும் அவள் போன் திரையின் அகலமே பெரும்பாலும் 1080 பிக்சல்தான். நீ அனுப்பும் 4000-ஐ அந்தப் போன் வாங்கி, சுருக்கி, 1080-ஆகத்தான் காட்டுகிறது. மிச்சம் அத்தனையும் அவள் காசில் வீண்.

சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் எனக்குப் பழக்கமான எண் 300. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால்தான் காலண்டர் அச்சு தெளிவாக வரும். ஏ4 தாள் முழுக்க அச்சடிக்க 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். இந்த 300-ஐப் பிடித்துக்கொண்டு இணையத்துக்கு வருகிறவர்கள் நிறைய. “படம் 300 டி.பி.ஐ. இருக்கா, 72 இருக்கா?” என்று உன்னை யாராவது கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடு. அந்த எண் கோப்புக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்புதான். அச்சு இயந்திரத்துக்கு அது அர்த்தமுள்ளது. உலாவி அதைச் சீண்டுவதே இல்லை. 1080 பிக்சல் அகலப் படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் திரையில் ஒரே படம்தான். நீ பார்க்க வேண்டியது பிக்சல் எத்தனை, எடை எத்தனை, இரண்டு மட்டுமே.

பிக்சல் நிறைய இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்ற நினைப்பையும் விட்டுவிடு. 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை முதன்முதலாக ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார். 176-க்கு 176 பிக்சல், மொத்தமே 31 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குழந்தையின் முகம் தெரிகிறது.

உன் தளத்துக்கு அளவு இப்படி வைத்துக்கொள். பட்டியலில் வரிசையாக வரும் சின்னப் படத்துக்கு 600 பிக்சல் அகலம் போதும். தட்டினால் பெரிதாகும் படத்துக்கு 1200. புள்ளியும் கரையும் தெரிய விரலால் இழுத்துப் பார்க்கிற நெருக்கப் படம் ஒன்றுக்கு மட்டும் 2000 வரை போகலாம். அதையும் தட்டினால்தான் இறங்க வேண்டும். இப்படிச் செய்தால் 96 எம்.பி. இருக்கும் அந்தப் பக்கம் இரண்டு மூன்று எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

இதுவரை சொன்னது எந்தக் கடைக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது உன் சுங்குடிக்கென்றே சொல்வது. நிதானமாகப் படி.

நீ விற்பது மதுரைச் சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. சௌராஷ்டிரக் குடும்பங்களில் கையால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, அவிழ்த்து எடுக்கிற சேலைக்கும், அச்சடித்த புள்ளிச் சேலைக்கும் விலை வித்தியாசம் உனக்கே தெரியும். வாங்குகிறவளுக்கு அந்த வித்தியாசத்தை எது காட்டுகிறது? புள்ளிதான். கையால் கட்டியது ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று கொஞ்சம் பெரிசு, ஒன்று கொஞ்சம் கோணல். ஓரத்தில் சாயம் ஊறின மெல்லிய தடம் இருக்கும். அவிழ்த்த இடத்தில் துணி சற்றே சுருங்கி நிற்கும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு, ஓரம் கத்தரித்தாற்போல் இருக்கும்.

இப்போது உன் முகப்பில் இருக்கும் சிவப்புச் சேலையைப் பெரிதாக்கிப் பார். புள்ளிகள் எல்லாம் ரோஸ் நிறத்தில் கரைந்து, சுற்றிலும் அழுக்குத் தூசி படிந்த மாதிரி இருக்கின்றனவா? அதில் கட்டுப் புள்ளி எது, அச்சுப் புள்ளி எது என்று யாராலும் சொல்ல முடியாது. கூடுதல் விலைக்கு எது காரணமோ அதையே படம் அழித்துவிட்டது.

ஏன் அப்படி ஆகிறது? உன் படங்கள் ஜேபெக் வகை; 1992-இல் வந்த படச் சுருக்கத் தரநிலை அது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறுகிற நிறத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சட்டென்று மாறுகிற நுணுக்கத்தை முதலில் கழித்துவிடுகிறது. வானம், சுவர், கன்னம் என்றால் இந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியாது. சுங்குடிப் புள்ளியோ சட்டென்று மாறுவது தவிர வேறொன்றும் இல்லை. தரத்தைக் குறைக்கக் குறைக்க முதலில் போவது அதுதான். இன்னொரு வேலையும் நடக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் இல்லை. அதனால் வெளிச்சத்தைப் பிக்சல்தோறும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சராசரி போட்டுவிடுகிறார்கள். 4:2:0 என்று மென்பொருளில் போட்டிருப்பது இதைத்தான். அடர் சிவப்பில் மூன்று பிக்சல் அகலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால், சிவப்பு அதன் ஓரத்தில் கசிந்து ரோஸ் ஆகிவிடும். உன் முகப்புச் சேலையில் நடந்திருப்பது இதேதான்.

தீர்வு சுலபம். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது சப்-சாம்ப்ளிங் என்று ஓர் இடம் வரும். அதில் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடு. தரத்தை 80, 85-இல் வை. எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். நெருக்கப் படத்துக்கு மட்டும் இது. முழுச் சேலையை மடித்துத் தொங்கவிட்ட படத்துக்கு 75 போதும்.

“எல்லாரும் வெப்பிக்கு மாறச் சொல்கிறார்களே?” என்று கேட்பாய். 2010-இல் கூகுள் கொண்டுவந்த வகை அது. அதே தரத்தில் ஜேபெக்கைவிட எடை நன்றாகவே குறையும். இன்றைக்கு எல்லா உலாவியும் அதைத் திறக்கும். பட்டியல் படங்களை எல்லாம் தயங்காமல் அதற்கு மாற்று. ஆனால் இழப்போடு சுருக்கும் வெப்பியில் நிறத்துக்கு 4:2:0 ஒன்றுதான் வழி; 4:4:4 கிடையாது. ஆகவே சிவப்பு, அரக்கு, ராணி பிங்க் சேலைகளின் நெருக்கப் படத்துக்கு அது வேண்டாம். 2019-இல் வந்த ஏ.வி.ஐ.எஃப். வகை இரண்டையும் தரும். எடையும் குறையும், 4:4:4-உம் உண்டு. பழைய போன்கள் சிலவற்றில் திறக்காது என்பதால் கூடவே ஒரு ஜேபெக்கையும் வைத்துவிடு. எது திறக்குமோ அதை உலாவியே எடுத்துக்கொள்ளும்படி உன் தளத்தைச் செய்துகொடுத்த பையனால் எழுத முடியும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பழக ஸ்க்வூஷ் என்று ஒரு கருவி இருக்கிறது. கூகுளின் குரோம் குழு 2018-இல் வெளியிட்டது, காசு கிடையாது. உலாவியிலேயே திறக்கும், படம் உன் கணினியை விட்டு வெளியே போகாது. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் மூலப் படம், வலப்பக்கம் சுருக்கிய படம். கோட்டை இழுத்து இழுத்து, புள்ளி எந்த இடத்தில் சாகிறது என்று பார். அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள். யாரோ எழுதி வைத்த எண்ணைவிட உன் கண்தான் இதற்குச் சரியான அளவுகோல்.

கட்டம் போட்ட சேலைகளுக்கு வேறு ஒரு தொல்லை. நெருக்கமான கட்டமோ கோடோ உள்ள துணியைச் சுருக்கினால் துணியில் இல்லாத அலை அலையான வரிகள் படத்தில் வந்துவிடும். மொய்ரே என்று பெயர். சுருக்கும்போது பைகியூபிக் அல்லது லான்க்சோஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வராது. எடுக்கும்போதே வந்துவிட்டால் மென்பொருளில் மல்லுக்கட்டாதே. இரண்டடி தள்ளி நின்று, கொஞ்சம் கோணத்தை மாற்றி மறுபடி எடு.

இப்போது நிறத்துக்கு வருவோம். திரும்பி வந்த இரண்டு சேலையும் நிறத்தால் வந்தவை அல்லவா? ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், தலைக்கு மேல் டியூப்லைட், இரண்டையும் வைத்து எடுத்திருக்கிறாய். கேமரா எதை வெள்ளை என்று நம்பும்? டியூப்லைட்டை அணைத்துவிடு. காலை ஒன்பது மணிக்கு மேல், நேர்வெயில் படாத ஜன்னல் பக்கம் சேலையைப் போடு. முதல் படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடு. கிம்ப்பில் அந்தத் தாளைக் காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்று சொல்லிவிட்டு, அதே மாற்றத்தை அன்று எடுத்த மற்றப் படங்களுக்கும் போடு. பிறகு ஏதாவது ஒரு சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒத்துப்பார். எம்.எஸ். ப்ளூ என்று போட்டுவிட்டு மயில்கழுத்துப் பச்சையைக் காட்டினால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

ராணி பிங்க், அடர் சிவப்பு இரண்டும் சண்டிக்குதிரைகள். சாதாரணத் திரையில் காட்ட முடிகிற நிற எல்லைக்கு வெளியே அவை துருத்திக்கொண்டு நிற்கும். கேமரா அவற்றை எல்லையில் நசுக்கி, மடிப்பும் நிழலும் இல்லாத தட்டையான ஒரே சாயமாக ஆக்கிவிடும். இந்தச் சேலைகளை எடுக்கும்போது வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடு, மடிப்பு தெரியும். ‘நிறத்தைத் தூக்கு’ என்கிற பில்டர் பக்கம் போகவே போகாதே.

இன்னொன்று. 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த எஸ்-ஆர்.ஜி.பி. என்ற நிற வரையறைதான் இணையத்துக்குப் பொது. உன் ஐபோன் அதைவிட அகலமான டிஸ்ப்ளே பி3 என்ற வரையறையில் எடுக்கிறது. மாற்றாமல் ஏற்றி, நடுவில் ஏதாவது மென்பொருள் அந்தக் குறிப்பைக் கழற்றிவிட்டால் நிறம் வெளிறிப்போகும். ஆகவே எஸ்-ஆர்.ஜி.பி.க்கு மாற்றிவிட்டே ஏற்றுமதி செய். துண்டறிக்கைக்காக டிசைனர் கொடுத்த சி.எம்.ஒய்.கே. கோப்பைத் தளத்தில் போடாதே. அது அச்சு மைக்கான கணக்கு. ஐபோனில் கேமரா அமைப்புக்குள் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றி வை. இல்லாவிட்டால் ஹெய்க் என்ற வகையில் சேமிக்கும். பல உலாவிகளில் அது திறக்காது.

இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை, நீ எதை ஏற்றினாலும் அது தன் பங்குக்கு ஒரு தடவை சுருக்கும். தடுக்க முடியாது. நம்மால் முடிந்தது, அகலத்தைச் சரியாக 1080 வைத்துக் கொடுப்பது. அளவை மாற்றும் வேலை அதற்கு மிச்சம். ஒரு தடவை கெடுவது குறையும். சதுரத்தைவிட 1080-க்கு 1350 நல்லது, திரையில் அதிக இடம் பிடிக்கும். புரொஃபைல் பக்கத்தில் கட்டம் 2025 முதல் சதுரமாக இல்லை, மூன்றுக்கு நான்காக நெட்டையாகிவிட்டது. அங்கே ஓரம் வெட்டுப்படலாம் என்பதால் முந்தானையை நடுவில் வை. ஸ்டோரிக்கு 1080-க்கு 1920. மேலேயும் கீழேயும் 250 பிக்சலாவது காலியாக விடு, அங்கேதான் பெயரும் பதில் எழுதும் பெட்டியும் வந்து உட்காரும்.

வாட்ஸ்அப் தனி ரகம். சாயப்பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார், நீ அதை எடுத்து வெட்டித் தளத்தில் போடுவாய், தளத்திலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பாய். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஜேபெக் மறுபடி சுருங்கி மறுபடி இழக்கிறது, போனது திரும்பாது. அவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல். 2023-இல் வந்த எச்.டி. வசதியும் பரவாயில்லை, ஆனால் டாக்குமெண்டுக்கு ஈடாகாது. போனில் எடுத்த மூலப் படத்தை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தொடாமல் வைத்திரு. வெட்டுவது, நிறம் திருத்துவது, சுருக்குவது, கடைசியில் கொஞ்சமாகக் கூர்மையாக்குவது எல்லாம் அதன் பிரதியில், இந்த வரிசையில்.

வாட்ஸ்அப்பில் உன் தளத்தின் இணைப்பை அனுப்பினால் ஒரு சின்னப் படம் கூடவே வருமே, அது தானாக வருவதில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் எந்தப் படம் என்று குறித்திருக்க வேண்டும். 1200-க்கு 630 அளவில் ஒன்று செய்து கொடு. இப்போது அந்த இடத்தில் உன் லோகோவின் பாதி வருகிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

படத்தின் மேல் தமிழில் எழுதுவதைப் பற்றி. தள்ளுபடி, விலை, அளவு, போன் எண் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதுவது நம்மூர் போஸ்டர் பழக்கம். கூகுள் தேடலுக்கு அந்த எழுத்தை நம்பியிருக்க முடியாது. கண் தெரியாதவருக்குப் படித்துக்காட்டும் செயலிக்கும் அப்படித்தான். விலையைப் படத்துக்கு வெளியே எழுத்தாகவே போடு. தவிர்க்க முடியாமல் எழுத வேண்டிய அறிவிப்புப் படமாக இருந்தால் அதை மட்டும் பி.என்.ஜி.யாகச் சேமி, ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல் ஆகும். போட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைத் திட்டாதே. அமைப்பில் தெற்காசிய மொழிகளையும் கையாளும் எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் என்ற இடத்தை நிரப்பு. “சேலை படம்” என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. “அரக்குச் சிவப்பில் கையால் கட்டிய வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கரை, மதுரைச் சுங்குடிப் பருத்திச் சேலை” என்று எழுது. ஆண்ட்ராய்டு போனின் டாக்பேக் இதைத் தமிழிலேயே வாசிக்கும். பார்வையில்லாதவர்களும் சேலை வாங்குகிறார்கள், பாப்பா. கோப்பின் பெயரும் கேமரா கொடுத்த எண்ணாக இருக்க வேண்டாம். என்ன சேலை, என்ன நிறம் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடையில் சிறுகோடு போட்டு எழுதினால் தேடுகிறவர்களுக்கு உதவும்.

தளத்தைச் செய்த பையனிடம் மூன்று விஷயம் சொல். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் குறிக்கச் சொல். இல்லாவிட்டால் படம் இறங்க இறங்கப் பக்கம் குதிக்கும். ஒன்றைத் தொடப்போய் வேறொன்றைத் தொடுவார்கள். கீழே உள்ள படங்கள் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் இறங்கட்டும். முகப்பின் முதல் படத்துக்கு மட்டும் அந்தத் தாமதத்தை வைக்கவே கூடாது. பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிந்தால்தான் ‘நல்லது’ என்று கூகுள் மதிப்பெண் போடுகிறது.

பயமுறுத்த அல்ல, ஆனால் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த தேதி, நேரம், லொகேஷன் போட்டிருந்தால் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வரை பதிந்திருக்கும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஆன்டிவைரஸ் மென்பொருள்காரர் ஜான் மெக்காஃபியுடன் எடுத்த படத்தை ஒரு பத்திரிகை தன் தளத்தில் போட்டது. அந்தக் குறிப்பைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அவர் குவாத்தமாலாவில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்துபோனது. வாட்ஸ்அப்பும் (டாக்குமெண்டாக அனுப்பாதவரை) இன்ஸ்டாகிராமும் பிறருக்குக் காட்டும் படத்தில் அதை நீக்கிவிடும். உன் சொந்தத் தளம் நீக்கும் என்று நம்பாதே. நீ வீட்டு மாடியில் வைத்து எடுக்கிறாய். கேமராவுக்கு லொகேஷன் அனுமதியை இன்றைக்கே நிறுத்து. ஏற்கெனவே ஏற்றிய படங்களை ஸ்க்வூஷ் வழியாக ஒரு தடவை அனுப்பி எடுத்தால் அந்தக் குறிப்புகள் போய்விடும்.

கடைசியாக, உன் தோழி சொன்னாளாமே, செயற்கை நுண்ணறிவில் மாடல் பெண் சேலை கட்டினாற்போல் செய்துகொள்ளலாம் என்று. நானும் செய்து பார்த்தேன். பெண் அழகாகத்தான் வந்தாள். புள்ளிகளை அதுவே புதிதாகப் போட்டிருந்தது, உன் சேலையில் இல்லாத புள்ளிகள். கையால் கட்டியது என்று விலை வைத்துவிட்டு, இல்லாத புள்ளியைக் காட்டுவது வியாபாரம் இல்லை. போனின் பியூட்டி மோடும் அப்படித்தான். பருவை அழிக்கிற அதே வேலையாகத் துணியின் இழையையும் வழித்துவிடும். இரண்டும் வேண்டாம். உன் அம்மாவைக் கட்டச் சொல்லி ஜன்னல் பக்கம் நிற்க வைத்து எடு. அக்காவுக்கு இந்த நிறங்கள் எடுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப்போகாதே. இந்த வாரம் முகப்புச் சிவப்புச் சேலையை மட்டும் மறுபடி எடுத்து, 4:4:4-இல் சேமித்து, எனக்கு டாக்குமெண்டாக அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன். பட்டியல் படங்களைத் தீபாவளிச் சரக்கு வருவதற்குள் மாற்றினால் போதும்.

அன்புடன்,
மாமா